தேய்ந்த எஞ்சினுக்கு யார் பொறுப்பு?

(தோட்டக் கமிட்டி உறுப்பினர்களுக்காகக் கண்டியில் நடந்த கூட்டத்தில், மரம் அறுக்கும் வேலை செய்யும் நான்கு தோழர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற மேடையில் ஒரு மெசினைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். "பிஸ்டன், ரிங் கதையெல்லாம் கமிட்டிக் கூட்டத்தில் எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். கடைசி வரை கேளுங்கள். இந்தக் கதையில் ஒரு தம்பியின் தொடையில் போட்ட பதினொரு தையலும் இருக்கிறது.

நாங்கள் நாலு பேர். கலஹா பக்கத்துத் தோட்டம். எங்கள் அப்பா, அம்மா எல்லோரும் தோட்டத்தில் பேர் போட்டு உழைத்தவர்கள். நாளொன்றுக்கு 1,000 ரூபா கிடைப்பதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல்தான் நாங்கள் மரம் அறுக்கப் போனோம். பேக்டரி அடுப்புக்கு யூக்கலிப்டஸ் விறகு, காற்றில் சாய்ந்த சவுக்கு மரம், ரோட்டோரத்தில் விழுந்த மரம் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிற இடத்துக்குப் போவோம். மெசின் எங்களுடையது. ஒரு பழைய ஹஸ்க்வர்னா 268. நாலு பேரும் காசு போட்டு, இரண்டாம் கையாக வாங்கினோம்.

சில வருடம் நன்றாக வேலை செய்தது. பிறகு பலம் குறைந்தது. சூடாகி நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கயிற்றை இழுக்க வேண்டும். இன்னொரு கோளாறும் வந்தது. கையை எடுத்த பிறகும் எஞ்சின் தானாகவே வேகம் பிடிக்கும். செயின் நிற்காமல் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். "பழைய மெசின்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை.

ஒரு நாள் மழை விட்ட நேரம். சரிவில் கிளை வெட்டிவிட்டு, எங்களில் இளைய தம்பி மெசினைத் தொடையோரமாகத் தாழ்த்திப் பிடித்தபடி அடுத்த கிளைக்கு நகர்ந்தான். கை எக்சிலேட்டரில் இல்லை. ஆனாலும் செயின் சுற்றியது. கால் வழுக்கியது. பதினொரு தையல். எலும்புக்குப் படவில்லை, பெரிய நரம்பும் அறுபடவில்லை. அந்தளவில் தப்பினான். ஆறு கிழமை வேலைக்குப் போகவில்லை. ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். "கவனமில்லாமல் வேலை செய்தால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நாங்களும் அதை நம்பினோம்.

அடுத்த கிழமை மெசின் முழுதாக நின்றது. கயிற்றை இழுத்தால் தடையே இல்லை. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். "இந்த மொடல் இப்போது வருவதில்லை, பார்ட்ஸ் கிடையாது, புதுசு வாங்குங்கள்" என்றார்கள். 2022இல் டொலர் விலை ஏறியபோது, இறக்குமதிச் சாமான்கள் எல்லாம் எப்படி எகிறின என்று சொல்லத் தேவையில்லை. புது மெசினின் விலையைக் கேட்டதும் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பேக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பிட்டர் மாமா என்று கூப்பிடுவோம். அவர் மெசினை வாங்கிப் பார்த்தார். முதலில் சைலன்சரைக் கழற்றினார். டோர்ச் அடித்து, புகை வெளியே போகிற ஓட்டை வழியாகப் பிஸ்டனைப் பார்க்கச் சொன்னார்.

தோழர்களே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் ஏன் செத்தது என்று பிஸ்டனே சொல்லும். சுற்றிவரக் கீறல் இருந்தால், பெரும்பாலும் ஒயில் கலக்காத பெற்றோல் ஊற்றியிருக்கிறீர்கள். காற்று உள்ளே வருகிற பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால், பில்டர் வழியாகத் தூசு போயிருக்கிறது. புகை போகிற பக்கம் மட்டும் கீறியிருந்தால், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. எங்களுடையது மூன்றாவது வகை. அந்தப் பக்கத்தில் ரிங் ஒட்டிப்போயிருந்தது. சிலிண்டர் சுவரிலும் ஆழமான கோடுகள்.

"புதுப் பிஸ்டன் போட்டால் சரியாகுமா மாமா?" என்று கேட்டோம். "ஆகும், ஒரு மாதத்துக்கு. ஏன் சூடாச்சு என்று முதலில் கண்டுபிடியுங்கடா" என்றார்.

செயின் சோவில் ஒயிலுக்குத் தனித் தொட்டி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது செயினுக்கு. எஞ்சினுக்குப் போகிற ஒயில் பெற்றோலில்தான் கலந்திருக்கிறது. பெற்றோல் குறைவாகப் போனால் ஒயிலும் குறைவாகப் போகும். எங்கேயாவது சீல் கிழிந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால், காற்று கூடிப் பெற்றோல் குறைந்துவிடும். எஞ்சின் வேகமாக ஓடும், சூடாகும், ஒயில் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மாமா காற்றுச் சோதனை செய்து காட்டினார். புகை போகிற ஓட்டையையும் கார்புரேட்டர் பக்கத்தையும் பழைய டியூப் ரப்பரை வைத்து அடைத்தார். இரத்த அழுத்தம் பார்க்கிற பழைய கருவியின் ரப்பர் பம்பால் பிளக் ஓட்டை வழியாக உள்ளே காற்று அடித்தார். சவர்க்காரத் தண்ணீரைச் சுற்றிவரத் தடவினார். பிளைவீல் பக்கத்து ஒயில் சீலில் குமிழி குமிழியாக வந்தது. அந்தச் சின்ன ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கையை எடுத்த பிறகும் எஞ்சின் தானாக வேகம் பிடித்ததற்கும் அதே சீல்தான் காரணம். அந்த வேகத்தில்தான் கிளச் செயினை விடாமல் சுற்றியது. தம்பியின் தொடையைக் கிழித்தது அவனுடைய கவனக்குறைவு இல்லை. சில நூறு ரூபா பெறுமதியான ஒரு சீல். எஞ்சினைக் கொன்றதும் அதுதான், தம்பியைக் காயப்படுத்தியதும் அதுதான். மாதக்கணக்காக மெசின் எங்களுக்கு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தது. கேட்கத் தெரியாமல் இருந்தோம்.

இனி, மெசினைத் திருத்திய கதை. நீங்களும் செய்யலாம் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

கம்பனிகள் ஒவ்வொரு மெசினையும் அடியிலிருந்து புதிதாக வடிவமைப்பதில்லை. ஒரே அடிக்கூட்டில் சின்னதும் பெரியதுமாகச் சிலிண்டர் வைத்து வேறு வேறு இலக்கம் போட்டு விற்பார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி. ஹஸ்க்வர்னா 61, 268, 272 மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் 34 மில்லிமீற்றர். சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் 61க்கு 48, 268க்கு 50, 272க்கு 52 மில்லிமீற்றர். அதே கம்பனியின் 365ம் 372ம் இன்னொரு குடும்பம். அவற்றில் ஏறி இறங்கும் தூரம் 36, உள்விட்டம் 48ம் 50ம். ஸ்டில் கம்பனியின் பெரிய மெசின்களான 070ம் 090ம் அப்படித்தான். தூரம் 40, உள்விட்டம் 58ம் 66ம்.

எங்களுக்கு 268இன் சிலிண்டர் நல்ல நிலையில் எங்கும் கிடைக்கவில்லை. மர வேலை செய்கிற ஒருவரிடம் ஒரு 272 கிடந்தது. மரம் விழுந்து அடிக்கூடு வெடித்த மெசின். மேல் பாகம் பழுதில்லை. பில் எழுதி வாங்கினோம்.

272இன் சிலிண்டரும் பிஸ்டனும் எங்கள் 268இன் அடிக்கூட்டில் அப்படியே உட்கார்ந்தன. 66.7 சிசியாக இருந்த எஞ்சின் 72.2 சிசி ஆனது. ஆனால் "உட்கார்ந்தது" என்று சொல்வதற்கு முன்னால் மாமா எங்களை என்னென்ன பார்க்க வைத்தார் என்பதுதான் முக்கியம்.

ஒன்று: சிலிண்டரும் பிஸ்டனும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. 50 மில்லிமீற்றர் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி 52 பிஸ்டன் போடலாமா என்று கேட்டோம். மோட்டார் சைக்கிளின் இரும்புச் சிலிண்டரை லேத்தில் போர் பண்ணுவது போல இதைப் பண்ண முடியாது. இது அலுமினியம், உள்ளே மெல்லிய கடினப் பூச்சு இருக்கிறது. கடைந்தால் பூச்சு போய்விடும், சிலிண்டரும் போய்விடும்.

இரண்டு: பெயரை நம்பாதே, அளந்து பார். ஒரே இலக்கத்திலேயே பழைய வடிவமும் புதிய வடிவமும் உண்டு. 372இல் பிறகு வந்த எக்ஸ்-டோர்க் வகையின் சிலிண்டர் வேறு, பிஸ்டனும் வேறு. பிஸ்டன் பின்னின் கனம், போல்ட் ஓட்டை, காற்று வரும் வாய் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மூன்று: அடிப்பாகம் நல்லதா என்று பார். கொனெக்டிங் ரொட்டை மேலும் கீழுமாக அசைத்தால் ஆட்டம் இருக்கவே கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம். பெயாரிங்கைச் சுற்றினால் கரகரக்கக் கூடாது. அடி கெட்டிருந்தால் மேலே எதைப் போட்டும் பயனில்லை.

நான்கு: சீல், கெஸ்கட், பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற கம்பி வளையம், இந்த மூன்றும் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய வளையம் உள்ளே கழன்றால் புதுச் சிலிண்டரைக் கிழித்துவிடும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி புகை போகிற பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் சின்ன முளையில் சரியாக உட்கார வேண்டும்.

ஐந்து: பூட்டிய பிறகு பிஸ்டன் மேலே சிலிண்டர் தலையில் இடிக்கிறதா என்று பார். பிளக் ஓட்டை வழியாக மெல்லிய ஈயக் கம்பியை ஓரம் வரை விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்று. நசுங்கிய கம்பியை அள. அரை மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.

ஆறு: மறுபடியும் காற்றுச் சோதனை. குமிழி இல்லை என்றால்தான் ஸ்டார்ட் பண்ணலாம்.

ஏழு: சிலிண்டர் பெரிதானால் அதற்குப் பெற்றோலும் கூட வேண்டும். கார்புரேட்டரைப் பழைய அளவில் விட்டால் மறுபடி சூடாகிப் பிடித்துக்கொள்ளும். மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுத்தால் சத்தம் கொஞ்சம் திக்கித் திக்கி வர வேண்டும். மரத்தில் வைத்ததும் தெளிவாக வேண்டும். மரத்தில் வைக்காதபோதே கீச்சென்று தெளிவாகக் கத்தினால் பெற்றோல் போதவில்லை. முதல் சில தொட்டி பெற்றோல் முடியும்வரை முழு வேகத்தில் சும்மா கத்தவிடாதீர்கள்.

ஒயில் கலப்பதை இனி யாரும் கண்ணளவில் செய்யாதீர்கள். ஹஸ்க்வர்னாவின் சொந்த டூ ஸ்ட்ரோக் ஒயில் என்றால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். வேறு நல்ல டூ ஸ்ட்ரோக் ஒயில் என்றால் 30 மில்லிலீற்றர். 5 லீற்றர் கேனுக்கு முறையே 100ம் 150ம். படகு எஞ்சினுக்கு விற்கிற ஒயிலும், மோட்டார் சைக்கிளின் ஃபோர் ஸ்ட்ரோக் ஒயிலும் இதற்கு ஆகாது. பாணி மருந்துக்கு வருகிற அளவு மூடி ஒன்று கேனோடு கட்டியிருந்தால் போதும்.

எல்லாம் முடித்துக் கயிற்றை இழுத்தோம். நாலாவது இழுப்பில் பிடித்தது. அழுத்தமானியை வைத்துப் பார்த்தபோது 150 பீஎஸ்ஐ காட்டியது. புது மெசினின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அன்று நாங்கள் போட்ட கூச்சலுக்கு லயமே வெளியே வந்துவிட்டது.

ஆனால் மாமா மெசினைத் தரவில்லை. "எஞ்சினுக்குப் பலம் கூட்டியிருக்கிறீர்கள். பிரேக்குக்குக் கூட்டினீர்களா?" என்று கேட்டார். கிளச் மூடியைத் திறந்து பார்த்தால் பிரேக் பட்டி தேய்ந்து மெலிந்திருந்தது. அறுந்த செயினைப் பிடிக்கிற கொக்கி எப்போதோ உடைந்து விழுந்திருந்தது. அதிர்வு தாங்குகிற ரப்பர்களும் இற்றுப்போயிருந்தன. அந்த 272இலிருந்து இவற்றில் எதையும் எடுக்க முடியவில்லை. அதிலும் எல்லாம் தேய்ந்திருந்தது. இவற்றைப் புதிதாக வாங்குவதற்கு இன்னும் இரண்டு கிழமை வேலை இல்லாமல் இருந்தோம். வீட்டில் அரிசிக்குக் கஷ்டம். ஆனாலும் காத்திருந்தோம். எஞ்சின் பாகத்தை வேறு மெசினிலிருந்து எடுக்கலாம், பாதுகாப்புப் பாகத்தில் சமாளிக்கக் கூடாது. இதுதான் நாங்கள் கற்ற பாடம்.

பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் செயின் சோ வைத்திருப்போர் எல்லோரும் பொலிஸில் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது ஞாபகமிருக்கும். எங்கள் மெசினில் தொடர் இலக்கம் இருப்பது அடிக்கூட்டில். அடிக்கூட்டை மாற்றாமல் மேல் பாகத்தை மட்டும் மாற்றியதால் இலக்கம் மாறவில்லை. அடிக்கூட்டையே மாற்றினால் இலக்கம் மாறிவிடும், காட்டில் வைத்து மறித்தால் பதில் சொல்ல முடியாது. பழைய மெசின் வாங்கிய பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்போது சங்கத்துக்கு வருகிறோம்.

ஹந்தானைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். 1925இல் கட்டிய பழைய பேக்டரிதான் இன்றைக்குத் தேயிலை அருங்காட்சியகம். பெரிய பெரிய எஞ்சின்கள், உருளைகள் எல்லாம் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை எல்லோருக்கும் தெரியும். அந்த எஞ்சின்களை இரவு பகலாக ஓட வைத்த பிட்டர்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? பார்ட்ஸ் கப்பலில் வருகிற காலத்தில், ஒரு மெசினின் பாகத்தை இன்னொன்றுக்கு அளந்து பூட்டிக் கொழுந்து கெடாமல் காத்தவர்கள் பிட்டர் மாமா போன்றவர்கள்தான். அந்த அறிவு இன்னும் எங்கள் லயங்களில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே எங்கள் பிள்ளைகள் அதைக் கற்க வேண்டும்.

அதனால் கமிட்டித் தலைவர்மாரிடம் நாலு விஷயம் கேட்கிறோம்.

முதலாவது, விபத்து நடந்தால் "கவனக்குறைவு" என்ற சொல்லை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். மெசினைப் பாருங்கள். செயின் நின்றதா, பிரேக் பிடித்ததா என்று அன்றைக்கே சாட்சியோடு எழுதி வையுங்கள், படம் எடுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் அந்தக் கதவைத் தட்ட முடியாது. எங்கள் தம்பியின் விஷயத்தில் நாங்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அதனால் அவனுடைய ஆறு கிழமைச் சம்பளத்தை யாரிடமும் கேட்க முடியாமல் போனது.

இரண்டாவது, ஒப்பந்தம் பேசும்போது மெசினின் தேய்மானத்தையும் பேசுங்கள். மரம் தோட்டத்துக்கு, இலாபம் ஒப்பந்தக்காரருக்கு, தேய்மானமும் காயமும் மட்டும் தொழிலாளிக்கு என்பது எந்த நியாயம்? செயின், பார், சீல், பிரேக் பட்டி எல்லாம் வேலையில்தான் தேய்கின்றன. அந்தச் செலவு கூலிக்கு வெளியே தனியாக வர வேண்டும். தொடைப் பாதுகாப்பு உடை, தலைக்கவசம், காது மூடி இவற்றையும் அந்தப் பேச்சிலேயே கேளுங்கள்.

மூன்றாவது, ஒரு அழுத்தமானி, ஒரு காற்றுப் பம்பு, ஒரு அளவுகோல். இந்த மூன்றையும் பொதுவில் வாங்கிக் கமிட்டியிடம் வைத்தால் சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லாம் பாவிக்கலாம். பயன்படுத்திக் காட்ட நாங்கள் வருவோம். பிட்டர் மாமாவும் வருவார்.

நாலாவது, காலையில் ஒரு நிமிடச் சோதனை. மெசினைச் சூடாக்கி, எக்சிலேட்டரிலிருந்து கையை எடுங்கள். செயின் அசையாமல் நிற்க வேண்டும். வேகம் கொடுத்து முன் தடுப்பை மணிக்கட்டால் தள்ளுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு வேலை இல்லை. ஒப்பந்தக்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும் சரி. அப்படி மெசினைக் கீழே வைக்கிற தொழிலாளியின் பின்னால் சங்கம் நிற்க வேண்டும். தனியாகச் சொன்னால் அவனை மட்டும் நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து சொன்னால் மெசினைத் திருத்துவார்கள்.

மாதர் சங்கத் தோழியருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது செயின் சோ வேலைக்குப் போனால், "செயின் நிற்கிறதா என்று பார்த்தாயா?" என்று காலையில் ஒரு வார்த்தை கேளுங்கள். தம்பியின் அம்மா இப்போது எங்கள் நாலு பேரிடமும் அதைத்தான் கேட்கிறார். பதில் சொல்லாமல் சாப்பாட்டுப் பொட்டலம் கையில் வராது.

தம்பி இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். மெசினும் வேலை செய்கிறது, அவனும் வேலை செய்கிறான். மெசினுக்கு இன்னொரு மெசினிலிருந்து பாகம் எடுத்துப் போட்டோம். அவனுடைய காலுக்கு அப்படி எங்கேயும் போய் எடுத்து வர முடியாது. அதை மறக்காமல் இருப்போம்.